பதின்மூன்று வயதில் எதற்கு இந்த ஊசி?

கேள்வி: என் மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கு எதிரான தடுப்பூசிக்கு ஒப்புதல் படிவம் வந்தபோது, பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவிலுள்ள தமிழ்த் தாய்மார் சிலர், "இந்த வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று தயங்கினார்கள். என் மாமியாரும் அதையே கேட்கிறார். இன்னும் அதிகமான பிள்ளைகள் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள நாங்கள் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, செலவும் அலைச்சலும் இங்கே பெரிய தடைகள் அல்ல. 2019ஆம் ஆண்டு முதல் உயர்நிலை ஒன்று மாணவியரான நம் குடிமக்களுக்குப் பள்ளியிலேயே கட்டணமின்றி இந்த ஊசி போடப்படுகிறது. எஞ்சியிருப்பது தயக்கம் ஒன்றுதான். இந்தக் கிருமி பாலுறவு வழியாகப் பரவுவதால், படிவத்தில் கையெழுத்திடுவது வேறு எதற்கோ சம்மதம் தருவதாகிவிடுமோ என்று பெற்றோர் உள்ளுக்குள் அஞ்சுகிறார்கள். அதை வாய்விட்டுக் கேட்கவும் கூசுகிறார்கள்.

உங்கள் மாமியாரிடம் ஹெப்படைட்டிஸ் பி ஊசியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். அந்தக் கிருமியும் பாலுறவு வழியாகப் பரவக்கூடியதுதான். ஆயினும் 1987 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த ஊசி பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. பச்சிளங்குழந்தைக்கு இது எதற்கு என்று நம் வீடுகளில் யாரும் முகம் சுளிப்பதில்லை. கல்லீரலைக் காக்கும் ஊசி என்றே அதை நாம் அறிந்திருப்பதுதான் காரணம். எச்பிவி ஊசியையும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி என்றே சொல்லுங்கள், உண்மையும் அதுவே. அந்தப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 ஆகிய இரு எச்பிவி வகைகளையும் இது தடுக்கிறது. ஏற்கெனவே தொற்றிய கிருமியை இந்த ஊசியால் அகற்ற முடியாது என்பதாலும், இளம் உடலில் எதிர்ப்பாற்றல் வலுவாக உருவாகும் என்பதாலும்தான் பதின்மூன்று வயதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 2020இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில், 17 வயதுக்கு முன்பே ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது.

பக்கவிளைவு பற்றிய அச்சத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். ஜப்பானில் அத்தகைய செய்திகள் பரவியதால் 2013இல் அரசாங்கம் தன் தீவிரப் பரிந்துரையை நிறுத்தி வைத்தது. 70 விழுக்காட்டை ஒட்டியிருந்த தடுப்பூசி விகிதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. மீண்டும் பரிந்துரைக்க 2022 வரை ஆயிற்று. கையில் வலி, காய்ச்சல், சிலருக்கு மயக்கம் வரலாம் என்பதை முன்கூட்டியே ஒளிக்காமல் சொல்லிவிட்டால், பிற்பாடு வரும் வதந்திக்கு வலு இருக்காது.

உங்கள் குழுவுக்கு என் யோசனை ஒன்று உண்டு. பெரிய கூட்டம் கூட்டி விரிவுரை நடத்துவதைவிட, படிவம் வரும் வாரத்தில், ஊசி போட்டுக்கொண்ட பெண்ணின் தாயார் ஒருவர் நான்கைந்து பேரிடம் தமிழிலேயே பேசுவது மிகுந்த பயன் தரும் என்று நம்புகிறேன். முடிந்தால் பாட்டிமாரையும் அழையுங்கள். பல வீடுகளில் கடைசிச் சொல் அவர்களுடையதுதான். மறுப்பவர்களை மட்டுமன்றி, படிவத்தைப் பையிலேயே மறந்துவிட்டவர்களையும் நினைவூட்டித் தேடிப் பிடியுங்கள்.

பள்ளியைத் தாண்டிவிட்ட அக்காமாரையும் விட்டுவிட வேண்டாம். 26 வயது வரையிலான பெண்கள் மருத்துவ நிலையத்தில் இதைப் போட்டுக்கொண்டு மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் மூலம் கட்டணம் செலுத்தலாம். 15 வயதுக்குப் பிறகு தொடங்குவோருக்கு மூன்று ஊசிகள் தேவைப்படும். இந்த ஊசி எச்பிவி கிருமியின் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. ஆகவே, பாலுறவு அனுபவமுள்ள பெண்கள், ஊசி போட்டிருந்தாலும், 25 வயது முதல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை அந்தத் தாய்மாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களில் பலர் தங்கள் பரிசோதனையையே தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கக்கூடும்.