மனுவில் ஒரு சொல்

கேள்வி: பகுத்தறிவு, உரிமை என்று எழுத வந்தால் ஜான் லாக், மாண்டெஸ்கியூ என்றே ஆரம்பிக்கிறீர்கள். கன்றுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் பிறந்த மண்ணுக்கு வெள்ளைக்காரன் வந்தா நீதி சொல்ல வேண்டும்? கடலை நம்பிப் பிழைக்கும் எங்களுக்கு அவர்களால் என்ன ஆயிற்று?
– ஒரு வாசகர், பாம்பன்.

பதில்: சோழனைச் சொன்னீர்கள், சரி. நம் பாண்டியனை ஏன் விட்டுவிட்டீர்கள்? பொற்கொல்லன் சொன்னான், அரசன் உத்தரவிட்டான், கோவலன் தலை போயிற்று. விசாரணை கிடையாது. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும் பாண்டியன் உயிரை விட்டான், மனசாட்சி உள்ளவன். அது இல்லாத ஒருவன் அந்த அரியணையில் இருந்திருந்தால் அவள் யாரிடம் மேல்முறையீடு செய்திருப்பாள்?

சட்டம் இயற்றுவதும், நிறைவேற்றுவதும், தீர்ப்புச் சொல்வதும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ 1748-ல் எழுதியது இதற்காகத்தான். கெட்டவன் வந்து உட்கார்ந்தாலும் அவன் கை கட்டப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு முன்பே, 1689-ல் வெளிவந்த நூலில், ஆட்சி என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொருள், நம்பிக்கை கெட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார் ஆங்கிலேயச் சிந்தனையாளர் லாக். அது 1776-ல் அமெரிக்காவிலும் 1789-ல் பிரான்சிலும் பிரகடனமாகி, 1950-ல் நம் அரசியலமைப்புக்குள்ளும் வந்து சேர்ந்தது.

கடலை நம்பியவர்களுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்கள். ஒரு திங்கட்கிழமை, ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். கடல்பாசி எடுக்கும் அம்மா ஒருவர், உங்கள் சின்னப்பாலத்துக்காரர், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனியெல்லாம் பாறை கிழித்த தழும்பு. பாசி பறிக்கும்போது சுற்றிக்கொள்ளும் துணி இரண்டு விரலில் அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. தன் தாய் மரிக்கொழுந்துப் பாசி எடுத்த இடத்துக்குத் தான் போனால் பிடிக்கிறார்கள் என்றார். வாசலில் மனு எழுதிக் கொடுத்தவர் 'தாங்கள் கருணை கூர்ந்து' என்று முடித்திருந்தார். அதைப் படித்துக் காட்டியதும் அந்த அம்மா முகம் சுருங்கிவிட்டது.

"கருணை என்னத்துக்கு சார்? மாசத்துல பன்னெண்டு நாளுதான் கடல்ல இறங்குறோம். மிச்ச நாளு பாசி வளரட்டும்னு நாங்களே விட்டுடுறோம். அந்தக் கணக்கக் கேட்டுட்டு அப்புறம் தடை போடச் சொல்லுங்க."

அரசு காரணம் சொல்ல வேண்டும், என் காரணத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆட்சிக்குள் பகுத்தறிவு வந்தது என்று நான் எழுதுவது இதைத்தான். இந்தப் பேச்சுக்கு நீதிமன்றத்தில் நிற்கக் கால் உண்டு. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம், 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும், முறையான வழியில் அல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றது.

'வெள்ளைக்காரன்' என்ற உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. சுதந்திரம் பேசிய லாக், அடிமை வியாபாரம் செய்த கம்பெனியில் பணம் போட்டிருந்தார். அவருடைய நாட்டார் 1911-க்குப் பிறகு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து, பிறந்த சாதியைக் காட்டி நம் மாவட்டத்து ஆண்களிடம் கைரேகை வாங்கினார்கள். ராத்திரியில் காவல் நிலையத்தில் படுக்க வைத்தார்கள். தாயின் வயிற்றிலேயே ஒருவன் குற்றவாளி ஆவானா என்று கேட்டுக் கேட்டுத்தான் நம்மவர்கள் 1947-ல் சென்னை மாகாணத்தில் அதை ஒழித்தார்கள். லாக் தன் காலத்தில் கைவிட்ட நியாயத்தைக் கையில் எடுத்தவர்கள் அவர்கள். அதை அந்நியச் சரக்கு என்று நீங்கள் தள்ளினால் எனக்கு வலிக்கிறது.

அந்த அம்மாவின் மனுவில் 'கருணை கூர்ந்து' என்பதை அடித்துவிட்டு, 'அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின்படி' என்று என் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். உங்கள் தெருவிலும் யாராவது மனு எழுதித் தரச் சொல்லி வருவார்கள்.