மாணவர் இதழில் குண்டம் இறங்குவோரைக் கேலி செய்த துணுக்கு: வழக்கு வருமா, ஆசிரியர் குழு என்ன செய்ய வேண்டும்?

பண்ணாரி மாரியம்மன் கோயிலில் குண்டம் இறங்குவோரை, அதாவது தீ மிதிப்போரை, மாணவர் இதழில் கேலி செய்ததாலேயே குற்றமாகிவிடாது. பாரதிய நியாய சன்ஹிதா 299-ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ) வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்தியிருந்தால்தான் பொருந்தும். தண்டனை 3 ஆண்டு வரை. விஷ்ணு வேடத்தில் தோனியைக் காட்டிய அட்டைப்பட வழக்கை உச்ச நீதிமன்றம் 2017-இல் ரத்து செய்ததும் இதனால்தான். நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் முன் அனுமதியும் தேவை.

ஆனால் சத்தியமங்கலம் பக்கம் ஏராளமானோர் விரதமிருந்து இறங்குகிற குண்டம் அது. அவர்கள் மனம் நொந்தது நியாயமே. விநியோகத்தை நிறுத்துங்கள், பிரதிகளை எரிக்காதீர்கள், ஆதாரத்தை அழித்ததாகிவிடும். "யாராவது புண்பட்டிருந்தால்" என்று எழுதும் மன்னிப்புதான் சண்டையைப் பெரிதாக்கும். எந்த வரி தவறு, ஏன் தவறு என்று அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவில் அச்சிடுங்கள். எழுதிய மாணவர் பெயரை வெளியே விடாதீர்கள்; பொறுப்பு குழுவுடையது.