கோயில் காசு அப்பாவின் பெயரில் இருந்தால் மகனுக்குச் சேருமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மாரியம்மன் கோயிலுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த காசையும் திருவிழா மிச்சத்தையும் கோயில் தலைவர் தன் பெயரிலேயே வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டிருந்தார். போன வருடம் தவறிவிட்டார். "அப்பா பெயரில் இருப்பது எங்களுக்குத்தான்" என்கிறார் மகன். கோயிலுக்கு உறுதிப்பத்திரமோ பதிவோ கிடையாது. இதற்கிடையே கொழும்பில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் கோபுரத்துக்குப் பெரிய தொகை தருவதாகச் சொல்லி, வருமான வரியில் கழிக்கப் பற்றுச்சீட்டு கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: பெயர் யாருடையது என்பதைவிட, காசு யாருடையது என்பதுதான் கேள்வி. உறுதிப்பத்திரம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு உங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும்: எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், சூழ்நிலைகளைப் பார்த்து அறநிலைப் பொறுப்பு (பொதுக் காரியத்துக்காக ஒருவர் சொத்தை வைத்திருக்கும் ஏற்பாடு) ஒன்று உண்மையில் இருக்கிறது என்று நீதிமன்றம் தீர்மானிக்கலாம். அப்படித் தீர்மானித்தால் தலைவர் காசை வைத்திருந்தவர் மட்டுமே. அது அவருடைய சொத்தாகப் பிள்ளைகளுக்கு இறங்காது.

ஆனால் நிரூபிக்க வேண்டியவர்கள் நீங்கள். கோயிலுக்குப் பிடித்தது தெரியும் பழைய சம்பளச் சீட்டுகள், திருவிழா வரவுசெலவுக் கொப்பி, கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் லயம் லயமாக, தோட்டத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேகரியுங்கள். பத்து வருடச் சீட்டைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கும் பாட்டி ஒருத்தி எல்லாத் தோட்டத்திலும் இருப்பார். அதற்கும் முன்னால், இந்தக் காசுக்குக் கோயில் உரிமை கோருகிறது என்று வங்கி முகாமையாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். இறந்தவரின் சொத்தைப் பெற மகன் மரணசாதன வழக்குப் போட்டால் அங்கே ஆட்சேபியுங்கள்.

நீங்களே வழக்குக்குப் போவதானால் அதே சட்டத்தின் 102ஆம் பிரிவு. கோயிலில் அக்கறையுள்ள ஐந்து பேர் வேண்டும். நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அரசாங்க அதிபரிடம் மனுக் கொடுத்து விசாரணை நடக்க வேண்டும். காலம் எடுக்கும். அதனால் மகனைக் கோயிலில் பெரியவர்கள் முன்னால் உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள். அப்பாவின் நல்ல பெயரும் இதில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

நிலம் வேறு கதை. தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, கம்பனியிடம் குத்தகையில் இருப்பது. கோபுரத்துக்குக் கல் இறக்குமுன் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

கடைக்காரருக்குப் பற்றுச்சீட்டு தாராளமாகக் கொடுங்கள்; வரிக் கழிவு கிடைக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் அந்தச் சலுகை, நோயாளிகளையும் வறியவர்களையும் விடுதியில் வைத்துப் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனங்களுக்குக் கொடுக்கும் காசுக்குத்தான். கோபுரம் அதில் அடங்காது.

வட்டியையும் மறக்க வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் வங்கி அதில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறது, அதுவும் இறந்தவரின் பெயரில். கோயிலுக்கு யாப்பு (நிர்வாக விதிகள்) ஒன்று எழுதி, இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் கோயிலைப் பதிந்து, பரிபாலன சபையின் பெயரில் வரி இலக்கமும் மூவர் கையொப்பமிடும் கணக்கும் எடுங்கள். கடைக்காரரின் காசு அந்தக் கணக்கு திறந்த பிறகே வரட்டும்.