ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்கள்? அவற்றை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

முதலில், பொருள்களைப் பட்டியலாக உருப்போடுவதை விட்டுவிடுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வேலைக்காக ஆங்கிலம் கற்க வருபவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அகராதியில் இருக்கும் அத்தனை பொருள்களையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்பவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்துபோகிறார்கள். 'ரன்' என்ற சொல்லுக்கு வினையாக மட்டும் 645 பொருள்களை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். லண்டனில் பிறந்து வளர்ந்தவரும் அவற்றை மனப்பாடம் செய்ததில்லை.

பெரும்பாலான சொற்களில் அடியில் ஒரே ஒரு காட்சி இருக்கும். மற்றவை அதிலிருந்து கிளைத்தவை. 'சார்ஜ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செல்பேசிக்குச் சார்ஜ் போடுகிறோம். சர்வீஸ் சார்ஜ் கட்டுகிறோம். புதிய அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொள்கிறார். காவல்துறை சார்ஜ் ஷீட் தாக்கல் செய்கிறது. கலையாத கூட்டத்தின் மீது லத்தி சார்ஜ் நடக்கிறது. தமிழில் மின்னேற்றம், கட்டணம், பொறுப்பு, குற்றச்சாட்டு, தடியடி என்று தனித்தனியாகச் சொல்வோம்.

லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த வினைச்சொல்தான் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'சார்ஜ்' ஆனது. 'கார்', 'கேரி', 'கார்கோ' எல்லாம் அந்தக் குடும்பம்தான். இப்போது பாருங்கள்: ஒருவர் தலையில் வேலையை ஏற்றினால் பொறுப்பு, விலையை ஏற்றினால் கட்டணம், பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதற்கும் இதே சொல்தான். 18ஆம் நூற்றாண்டில் லைடன் ஜாடி என்ற கண்ணாடிக் கலத்தில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கக் கற்றபோது அதற்கும் இச்சொல்லையே பயன்படுத்தினார்கள். பீரங்கி வரிசையைக் குறித்த 'பேட்டரி' என்ற சொல்லை அத்தகைய ஜாடிகளின் வரிசைக்கு 1749இல் வழங்கியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். தடியடியை மட்டும், உடலின் பாரம் முழுவதையும் எதிரில் நிற்பவர் மேல் இறக்குவது என்று என் வசதிக்காக நினைவில் வைத்திருக்கிறேன்.

'ஃபைன்' என்றால் நேர்த்தி, அபராதம் இரண்டும்தான். இரண்டுக்கும் வேர், முடிவு அல்லது எல்லை என்று பொருள்படும் லத்தீன் 'ஃபினிஸ்'. வழக்கை முடித்துவைக்கக் கட்டிய பணம் அபராதமாயிற்று. குறையின்றி முடிந்த வேலை நேர்த்தியாயிற்று.

எல்லாச் சொல்லிலும் இப்படி ஒரு வேரைத் தேட வேண்டாம். தீக்குச்சியைக் குறிக்கும் 'மேட்ச்', விளக்குத் திரிக்கான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கிரிக்கெட் மேட்ச், 'துணை, இணை' என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. வேறு வேறு ஊரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் காலப்போக்கில் தேய்ந்து ஒரே ஒலியில் நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

சரி, படிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குத் தொல்காப்பியம் சொல்லும் வழியைவிடச் சிறந்த வழியை நான் எந்த ஆங்கில இலக்கணப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பல பொருள் தரும் ஒரு சொல், 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' தெளிவாகும் என்கிறது அந்த நூற்பா. 'மா பூத்தது' என்றால் மரம் என்று வினையே சொல்லிவிடும். 'மா வீழ்ந்தது' என்றால் மரமா விலங்கா என்று முன்னும் பின்னும் பார்த்தாக வேண்டும். ஆங்கிலத்திலும் அப்படியே. 'சார்ஜ்ட் வித்' என்பதற்குப் பின் 'மர்டர்' வந்தால் குற்றச்சாட்டு. 'டாஸ்க்' வந்தால் ஒப்படைத்த பொறுப்பு. 'சார்ஜ்' மட்டும் பார்த்தால் எதுவும் புலப்படாது.

ஆகவே நோட்டில் பொருளை எழுதாதீர்கள். நீங்கள் படித்த வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். 'ரன்', 'செட்', 'டேக்', 'கெட்' போன்ற சின்னச் சொற்களை ஒட்டி வரும் துணைச் சொல்லையும் விடாதீர்கள். பேட்ஸ்மேன் 'ரன் அவுட்' ஆனால் ஆட்டமிழக்கிறார். அதே 'ரன் அவுட்' பின்னால் 'ஆஃப் மில்க்' என்று வந்தால் வீட்டில் பால் தீர்ந்துவிட்டது.