வாசகர் கேள்வி-பதில்: தோற்ற வழக்கும் ஜெயித்த வக்கீலும்

கேள்வி: கானாவின் முன்னாள் அதிபர் நானா அகுஃபோ-அடோ வக்கீலாமே? 2012 தேர்தல் முடிவை எதிர்த்து அவர் போட்ட வழக்கு ஏன் தோற்றது?

பதில்: ஆமாம், முழுநேர வக்கீல். 1971இல் இங்கிலாந்திலும் 1975இல் கானாவிலும் பதிவு செய்துகொண்டவர். அப்பா எட்வர்ட் நாட்டின் தலைமை நீதிபதியாகவும் பிறகு அதிபராகவும் இருந்தவர். ஆகவே கோர்ட் வாசல் புதிதல்ல. ஆனால் 2012 வழக்கில் அவர் மனுதாரர் மட்டும்தான். வாதாடியவர்கள் வேறு வக்கீல்கள்.

வழக்கின் உயிர் ‘பிங்க் ஷீட்’டில் இருந்தது. வாக்குச்சாவடியில் எண்ணி முடித்ததும் தலைமை அலுவலர் முடிவுப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவார், கட்சி ஏஜென்டுகளும் போடுவார்கள். ஏஜென்டுக்குக் கிடைக்கும் கார்பன் நகல் இளஞ்சிவப்பு, அதனால் அந்தப் பெயர். பல படிவங்களில் அலுவலர் கையெழுத்தே இல்லை, வேறு சிலவற்றில் கொடுத்த சீட்டைவிட விழுந்த ஓட்டு அதிகம், கைரேகை சரிபார்க்காமல் ஓட்டுப்போட விட்டார்கள் என்பவை முக்கியக் குற்றச்சாட்டுகள். அந்த ஓட்டுகளைக் கழித்தால், ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட ஜான் மஹாமா 50 சதவீதத்துக்குக் கீழே போவார் என்பது கணக்கு. கானாவில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்காதவர் முதல் சுற்றில் அதிபராக முடியாது.

சறுக்கியது எங்கே? அகுஃபோ-அடோ கட்சியின் சொந்த ஏஜென்டுகளே பல படிவங்களில் மறுப்பு எழுதாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அலுவலர் செய்த தவறுக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவனைத் தண்டிக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. 2013 ஆகஸ்ட் 29 அன்று 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. கையெழுத்து விஷயத்தில் நீதிபதிகள் 5-4 எனப் பிரிந்தார்கள். தீர்ப்பில் உடன்பாடில்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்றார் அகுஃபோ-அடோ. 2016இல் அதே மஹாமாவை முதல் சுற்றிலேயே தோற்கடித்தார்.

கேள்வி: சட்டப் படிப்பு அவருக்கு ஆட்சியில் எதற்காவது உதவியதா?

பதில்: அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது உதவியது. 2001இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது. எழுதியதற்காகப் பத்திரிகையாளரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவு போனது. அதிபரான பிறகு விஷயம் சட்டமல்ல, கடன். 2022 டிசம்பரில் பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டே ஐ.எம்.எஃப்.பிடம் (சர்வதேச நாணய நிதியம்) கடனுக்குப் போனார்கள், அடுத்த ஆண்டு 300 கோடி டாலருக்கு ஒப்புதல் கிடைத்தது. அங்கே வாதத் திறமை செல்லாது.