ஸ்மார்ட் சாதனங்களா, டைமர்–ரிலே போன்ற வழக்கமான ஆட்டோமேஷனா: வீட்டுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

வீடு முழுவதற்கும் ஒரே முறை என்று முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு வேலையாக எடுத்து, இன்டர்நெட் இல்லாதபோது அது நின்றுபோனால் பரவாயில்லையா என்று பாருங்கள். பரவாயில்லை என்றால் ஸ்மார்ட் சாதனம் போதும். நிற்கவே கூடாது என்றால் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஃப்ளோட் சுவிட்சும்தான் (தண்ணீர் மட்டத்தோடு மிதந்து இயங்கும் சுவிட்ச்).

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரில் இது நன்றாகப் புரியும். தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்க வேண்டும்; கீழ்த்தொட்டி காய்ந்திருந்தால் ஓடவே கூடாது. இந்த இரண்டும் வைஃபையை நம்பி இருக்கக் கூடாது. இரண்டு தொட்டியிலும் ஒவ்வொரு ஃப்ளோட் சுவிட்ச் போட்டு, இரண்டையும் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ரிலே) காயிலுக்குப் போகும் லைனில் சீரிஸாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். மேல் ஃப்ளோட் மிதக்கும்போது இணைப்பு விட வேண்டும், கீழ் ஃப்ளோட் மிதக்கும்போது சேர வேண்டும். மூன்று ஒயரில் எது எதற்கு என்பதை நிறத்தை வைத்து ஊகிக்காமல் மல்டிமீட்டரில் கண்டின்யூட்டி (இணைப்பு சேர்கிறதா என்று) பார்த்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட் காயில் என்றால் தொட்டிக்குள் இறங்கும் ஒயரில் மெயின் கரண்ட் இருக்காது. ஒயரில் மாட்டும் வெயிட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவே ஒயரை மிகக் குறைவாக விட்டால், ஒரு வாளி தண்ணீர் எடுத்ததுமே மோட்டார் ஓடத் தொடங்கும்.

போனிலிருந்தும் இயக்க வேண்டுமா? ட்ரை கான்டாக்ட் (தன் கரண்ட் எதையும் தராமல் இணைப்பை மட்டும் சேர்த்து விடுவது) உள்ள ஸ்மார்ட் ரிலேயை அதே சீரிஸில் சேருங்கள். பேரலலாக, அதாவது ஃப்ளோட்டைத் தாண்டிப் போகும் தனி வழியாகக் கொடுத்தால், ஆப்பில் ஆன் செய்தவுடன் ஃப்ளோட்டின் பேச்சு எடுபடாது. கரண்ட் போய் வந்தால் 'ஆஃப்' நிலையில் இருக்கும்படியும், தொட்டி நிறைய ஆகும் நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கில் தானே அணையும்படியும் செட்டிங் வையுங்கள்.

மோட்டாரை நேரடியாக ஸ்மார்ட் பிளக்கில் மாட்டுவதுதான் மோசமான தவறு. அதில் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிடும். ஆப் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்மார்ட் உண்மையில் ஜெயிப்பது, வெளியே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில். மழை வருகிறது என்று தோட்டத்து டைமருக்குத் தெரியாது. ஆனால் பொழுது சாய்ந்ததும் விளக்கு எரிய இன்டர்நெட் எதற்கு? சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும் ஆஸ்ட்ரோ டைமரே அதைச் செய்யும்.

ஸ்மார்ட் சாதனம் வாங்கினால், ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் ரூட்டரில் இன்டர்நெட் கேபிளை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் ஆப் வேலை செய்தால் சாதனம் உங்கள் கையில் இருக்கிறது. இல்லையென்றால் கம்பெனியின் சர்வர் கையில். 2014-ல் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வின் ஹப் (வீட்டு ஸ்மார்ட் சாதனங்களை இணைக்கும் பெட்டி), 2016 மே மாதம் சர்வர் மூடப்பட்டதும் வெறும் பெட்டியானது. ஜிக்பி, மேட்டர் என்ற இணைப்பு முறைகளில் வரும் சாதனங்களை வீட்டுக்குள்ளேயே இயக்கலாம். அதற்கு வீட்டில் ஒரு ஹப் வேண்டும்.

ஸ்மார்ட் சுவிட்ச் ஆர்டர் செய்யும் முன் சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நியூட்ரல் தேவைப்படாத மாடல்கள் விளக்கு வழியாகவே கொஞ்சம் கரண்ட் எடுக்கும். சின்ன எல்இடி அணைத்த பிறகும் மினுக்கும். விளக்குப் பக்கம் பைபாஸ் கெபாசிட்டர் (அந்தக் கொஞ்சம் கரண்டுக்கு வேறு வழி தரும் சின்ன பாகம்) போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.