வகுப்பறையில் தொழில்நுட்பம் மாணவர்களின் கற்றலுக்கு உண்மையிலேயே உதவுகிறதா?

உதவுகிறது. மாணவரின் கைக்கு வேலையும் மனத்துக்கு ஒரு கேள்வியும் கிடைக்கும் இடத்தில் நன்றாகவே உதவுகிறது. வெறுமனே பார்க்க வைக்கும் இடத்தில் அதன் பயன் மிகவும் குறைவு. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் கணிதம் கற்பிப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்சி பெற்று வரும் நீங்கள், திரையும் கணினியும் வந்த பிறகு ஆசிரியருக்கு என்ன வேலை மிஞ்சும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேரளத்து அரசுப் பள்ளிகளில் கருவி இல்லை என்ற குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பள்ளிகளில் கணினிவழிக் கல்வியைக் கொண்டுவர 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது; 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் இணைய இணைப்பும் வழங்கத் திட்டமிடப்பட்டது. கணினிகளில் எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களே இருக்கின்றன. அவற்றுள், வடிவங்களைத் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்க உதவும் ஜியோஜிப்ரா என் பாடத்துக்கு உயிர்நாடி.

அதை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று ஒரே ஒரு பாடத்தைக் கொண்டு சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் அரைவட்டக் கோணம் வருகிறது: விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மேலுள்ள ஏதேனும் ஒரு புள்ளியுடன் இணைத்தால் அங்கே செங்கோணம் அமையும். திரையில் ஒரு வட்டம், ஒரு விட்டம், நகர்த்தக்கூடிய ஒரு புள்ளி, அதனருகே கோண அளவு, அவ்வளவுதான். தொடக்கத்தில் கோண அளவை மறைத்து வைத்திருப்பேன். புள்ளியை வட்டத்தின் மேலேயே இடப்பக்கம் நகர்த்தினால் கோணம் கூடுமா, குறையுமா என்பதை ஒவ்வொருவரும் நோட்டில் எழுதியாக வேண்டும். எழுதி முடிக்கும் வரை யாரும் சுட்டியைத் தொடக் கூடாது. புள்ளி விட்டத்தின் முனையை நெருங்கும்போது முக்கோணம் ஒடுங்கிப் போவதால், கோணமும் மாறும் என்றே பலர் எழுதுவார்கள். பிறகு ஒரு மாணவி வந்து புள்ளியை இழுப்பாள். "டீச்சர், எங்க இழுத்தாலும் தொண்ணூறுதான் வருது" என்பாள். வட்டத்துக்கு உள்ளே இழுத்தால் தொண்ணூறைத் தாண்டுகிறது, வெளியே இழுத்தால் தொண்ணூறுக்குக் கீழே இறங்குகிறது என்பதையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கணினியின் வேலை அத்துடன் முடிகிறது. ஏன் அப்படி வருகிறது என்ற கேள்விக்குத் திரை பதில் சொல்லாது. புரொஜெக்டரை அணைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போய், மையத்திலிருந்து புள்ளிக்கு ஓர் ஆரம் வரைந்து, இரண்டு இருசமபக்க முக்கோணங்களைக் காட்டி, ஒவ்வொரு வரியாக நிரூபணத்தை எழுதுவேன். இதைத் தயார் ஸ்லைடாகக் காட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். ஸ்லைடில் முழு நிரூபணமும் ஒரே நொடியில் வந்து விழுந்துவிடுகிறது. பலகையில் எழுதும்போது அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று யோசிக்க மாணவருக்கு நேரம் கிடைக்கிறது. அவர் முகத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் எனக்கு முடிகிறது.

ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன என்பது என் கணிப்பு. பெரு நாட்டின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான மதிப்பீட்டில் கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. மாறாக, தில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு நடந்து, 2019இல் வெளியான ஆய்வில், பள்ளி நேரத்துக்குப் பிறகு அந்த மென்பொருளைக் கொண்டு நடந்த பயிற்சி மையங்களுக்கு வந்த நடுநிலைப்பள்ளி மாணவர்கள் நாலரை மாதத்திலேயே கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அந்த மென்பொருள் மாணவரின் பதில்களிலிருந்து அவருடைய உண்மையான நிலையைக் கண்டறிந்து, ஏழாம் வகுப்பில் இருந்தாலும் நான்காம் வகுப்புக் கணக்கில் தடுமாறுபவருக்கு நான்காம் வகுப்புக் கணக்கையே கொடுத்தது. அதே மையத்தில் பாதி நேரம் சிறு குழுக்களாக ஆசிரியர் ஒருவர் கற்பித்தார் என்பதையும் மறக்கக் கூடாது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் எங்களுக்கு மிகக் கடினமான வேலை. கருவி உதவ வேண்டியது அங்கேதான்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கொழிஞ்சாம்பாறை, மூணாறு, வண்டிப்பெரியாறு போன்ற பகுதிகளில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடநூல் கேரளத்தின் பாடத்திட்டப்படி இருக்கிறது. நல்ல காணொளிகளில் பெரும்பாலானவை மலையாளத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும், அங்குள்ள பாடநூல்களின் கியூஆர் குறியீடுகள் வழியே கிடைக்கும் காணொளிகளும் தமிழில் இருந்தாலும், பாட வரிசையும் அணுகுமுறையும் வேறு. 2020 ஜூன் மாதம் கேரளத்தில் தொடங்கிய ஃபர்ஸ்ட் பெல் என்ற தொலைக்காட்சிப் பாட ஒளிபரப்பில் தமிழ் வழி மாணவர்களுக்கும் வகுப்புகள் வந்தன. பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் அது பெரிய ஆறுதல். ஆயினும் ஒளிபரப்பு யாருக்காகவும் நிற்காது. புரியாத பிள்ளை எங்கே தவறவிட்டது என்று அதற்குத் தெரியாது.

இப்போது மலையாளக் காணொளியைக் காட்ட நேர்ந்தால் ஒலியை நிறுத்திவிட்டு நானே தமிழில் விளக்குகிறேன். வேறு வழியில்லாமல் செய்யத் தொடங்கிய இந்த முறை, ஒலியுடன் காட்டுவதைவிட நன்றாகவே பலிக்கிறது: வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கலாம், பதில் தவறினால் காட்சியைப் பின்னோக்கி ஓட்டலாம். தமிழ்க் காணொளி கிடைத்தாலும் இப்படியே செய்யுங்கள் என்று உங்களுக்குச் சொல்வேன்.

கண்ணெதிரே கிடைப்பதைத் திரையில் காட்டாதீர்கள் என்பதையும் வலியுறுத்துகிறேன். பயறு முளைப்பதைப் பார்க்கக் காணொளி தேவையில்லை. ஈரத் துணியில் கட்டி வைத்தால் வகுப்பு ஜன்னலோரத்திலேயே முளைத்துவிடும். நீரோட்டத்தின் வேகத்தை அளக்க எங்கள் ஊர் வாய்க்காலும் ஒரு தேங்காய் மட்டையும் போதும். செல் பிரிவதையோ கோள்களின் சுழற்சியையோ அப்படிக் காட்ட முடியாது. அங்கே திரைக்கு ஈடு கிடையாது.

முதல் ஆண்டில் எல்லாப் பாடத்துக்கும் திரையைத் தேடாமல், பருவத்துக்கு இரண்டு மூன்று பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மாணவர்கள் நகர்த்திப் பார்க்கக்கூடிய கோப்புகளை நீங்களே தயாரித்துப் பாருங்கள். ஜியோஜிப்ராவைத் தமிழ் இடைமுகத்திலேயே பயன்படுத்தலாம். முடிந்தவரை கோப்பில் எழுத்தே இல்லாமல் உருவமும் எண்ணும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த வட்டக் கோப்பை எங்கள் பள்ளியின் மலையாள வழி வகுப்பிலும் அப்படியே பயன்படுத்துகிறார்கள்.